நீராவிக்குக் கணக்கெழுதியவர்கள்



எங்கள் தோட்டப் பள்ளியில் ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதற்கு மேலே ஐஸ் கட்டி வைத்த தட்டைப் பிடித்து, ஆவி குளிர்ந்து மறுபடியும் நீராகச் சொட்டுவதைக் காட்டினோம். பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் எழுந்து நின்றாள்.

"சார், எங்கப்பா ஆலையில வேலை செய்றாரு. பழத்த அவிக்கிறப்போ, மொதல்ல உள்ள இருக்கிற காத்த வெளியாக்கணுமாம். இல்லன்னா எவ்வளவு ஆவி விட்டாலும் குலை சரியா வேகாதாம். ஏன் சார்?"

செம்பனை ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. வெட்டிவந்த குலைகளைத் தள்ளுவண்டிகளில் ஏற்றி, ஸ்டெரிலைசர் என்று சொல்லப்படும் நீண்ட இரும்புக் கலத்துக்குள் தள்ளிக் கதவை மூடுவார்கள். கொதிகலனிலிருந்து ஆவியை உள்ளே விட்டு, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அவிப்பார்கள். காம்பை விட்டுப் பழம் உதிர்வதற்கும், எண்ணெய் கெடாமல் இருப்பதற்கும் இந்த வேலை அவசியம். ஆவியைத் திறந்தவுடனே கீழ்வால்வு வழியாகக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால்தான் நமக்கே தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லிச் சமாளித்தோம். அதற்காகப் புத்தகங்களைப் புரட்டப் போய், முந்நூறு ஆண்டு வரலாறு ஒன்று கைக்கு அகப்பட்டது. அதைத்தான் இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

தண்ணீர் ஆவியாவதையும் ஆவி தண்ணீராவதையும் பார்க்காத மனிதர் இல்லை. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சூட்டை விழுங்கி ஆவியாகிறது என்று எண்ணிக்கையில் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. இன்றைக்கு அந்தக் கணக்கைக் கணிப்பொறியில் போடுகிறார்கள். அப்படிப் போடும்போதும், கணிப்பொறிக்குத் தானாகத் தெரியாத சில எண்களை மனிதன்தான் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் லண்டனுக்குப் போவோம். வால்நட்சத்திரத்தால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி, 1687-ல் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஏறத்தாழ எட்டு அங்குல அகலமும் நான்கு அங்குல ஆழமும் உள்ள ஒரு தட்டத்தில், கடல் நீரைப்போல உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றினார்கள். அதைத் தராசின் ஒரு கையில் தொங்கவிட்டு, அடியில் தணல் வைத்து, கோடைக்காலக் காற்றின் சூட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது 233 கிரெயின் எடை குறைந்திருந்தது. நம் அளவில் 15 கிராம்; மூன்று தேக்கரண்டித் தண்ணீர்.

அந்த மூன்று தேக்கரண்டியை வைத்துக்கொண்டு ஹாலி மத்தியதரைக் கடலுக்கே கணக்குப் போட்டுவிட்டார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் கடலின் மேற்பரப்பிலிருந்து ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு ஆவியாகிறது என்று கொண்டு, கோடைக்காலத்தில் ஒருநாளைக்கு 528 கோடி டன் தண்ணீர் மேலே போகிறது என்றார். அந்தக் கடலில் கலக்கும் ஆறுகள் கொண்டுவரும் நீரையும் மதிப்பிட்டார். அது நாளைக்கு 182 கோடிச் சொச்சம் டன். ஆறுகள் ஓயாமல் ஓடியும் கடல் ஏன் பொங்கி வழியவில்லை என்ற பழைய கேள்விக்கு எண்ணிக்கையில் வந்த பதில் இது. காற்றடிப்பதால் கூடுதலாகப் போகும் நீரைத் தம் கணக்கில் அடக்க முடியவில்லை என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதிவைத்தார். நமக்கு ஹாலியிடம் பிடித்ததே இந்தக் குணம்தான்.

அடுத்தது ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஜோசப் பிளாக், 1762-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு சோதனை செய்தார். அடி தட்டையான தகரப் பாத்திரங்களில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பழுக்கக் காய்ந்த இரும்பு அடுப்பின்மேல் வைத்தார். தண்ணீர் நான்கு நிமிடத்தில் கொதித்தது. முழுவதும் வற்றிப்போக மேலும் இருபது நிமிடம் பிடித்தது. அந்த இருபது நிமிடமும் அடுப்பு சூட்டைக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது; தண்ணீரின் சூடோ கொதிநிலைக்கு மேல் ஒரு பாகைகூட ஏறவில்லை. அப்படியானால் அந்தச் சூடெல்லாம் எங்கே போயிற்று?

ஆவிக்குள் ஒளிந்துகொண்டது என்றார் பிளாக். மறைந்திருக்கும் வெப்பம் என்று அதற்குப் பெயர் வைத்தார். பாடநூல்களில் உள்ளுறை வெப்பம் என்று வருவது இதுதான். நான்கு நிமிடத்தில் 162 ஃபாரன்ஹீட் பாகை ஏறியது என்றால், இருபது நிமிடத்துக்கு 810 பாகை அளவு என்று அவர் கணக்கிட்டார். இன்றைய துல்லியமான அளவு 970. தகரப் பாத்திரத்தையும் கடிகாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார்! உயிரோடு இருந்தவரை அவர் இதை அச்சிடவே இல்லை. மாணவர்களுக்கு வாயால் சொன்ன பாடங்கள் அவர் இறந்தபின் 1803-ல்தான் நூலாக வந்தன.

இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால், வெந்நீர் பட்டதைவிட மோசமாகக் கொப்பளிப்பது ஏன் என்று நம் தாய்மார்கள் இதைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். ஆவி கைமேல் பட்டு நீராக மாறுகிற அந்த நொடியில், உள்ளே ஒளித்துவைத்திருந்த சூடு முழுவதையும் தோலில் கொட்டிவிடுகிறது. ஸ்டெரிலைசருக்குள் பழக்குலை வேகுவதும் இப்படித்தான். ஆவி வெறுமனே சுற்றிவந்தால் போதாது. குலையின்மேல் படிந்து நீராக மாறினால்தான் சூடு இறங்கும்.

அதே கிளாஸ்கோவில் கருவிகள் செய்து பிழைத்துவந்த ஜேம்ஸ் வாட், பல்கலைக்கழகத்தின் நீராவி எஞ்சின் மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கப் போய் இதே புதிரில் மாட்டிக்கொண்டார். ஒரு பங்குத் தண்ணீரிலிருந்து வந்த ஆவி, ஏறத்தாழ ஆறு பங்குக் கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடுவதைக் கண்டு அவர் திகைத்தார். நண்பர் பிளாக்கிடம் கேட்டபோதுதான் காரணம் விளங்கியது. பழைய எஞ்சினில் ஒவ்வொரு தடவையும் உருளைக்குள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சி ஆவியைக் குளிரவைத்தார்கள். சூடேறிய உருளையும் சேர்ந்து குளிர்ந்தது. அடுத்த தடவை ஆவியில் பெரும்பகுதி அந்த உருளையைச் சூடாக்கவே செலவாயிற்று. ஆவியைக் குளிரவைக்க வேறொரு கலத்தை வைத்தால் என்ன என்ற யோசனை 1765-ல் வாட்டுக்கு வந்தது. 1769-ல் காப்புரிமை பெற்றார். ஆலையும் ரயிலும் கப்பலும் பின்னால் வந்த கதையை நேயர்கள் அறிவார்கள். அதை இங்கே விரிக்கவில்லை.

இதற்குச் சற்று முன்பு, 1756-ல், ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் லைடன்ஃபிராஸ்ட் என்ற மருத்துவப் பேராசிரியர் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் தண்ணீர்த் துளியை விட்டுப் பார்த்தார். நம் வீட்டுத் தோசைக்கல்லில் தினமும் நடக்கும் வேடிக்கை இது. கல் ஓரளவு காய்ந்திருந்தால், தெளித்த தண்ணீர் சுர்ரென்று இழுபட்டுவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் துளிகள் முத்துப்போல உருண்டு ஓடும்; சீக்கிரம் வற்றுவதுமில்லை. துளிக்கும் இரும்புக்கும் நடுவே ஆவி ஒரு மெத்தையாக நின்று சூட்டைத் தடுக்கிறது. சூடு கூடக் கூட ஆவியாகும் வேகமும் கூடும் என்ற எளிய கணக்கு இங்கே தவறிப்போகிறது. 1934-ல் ஜப்பானில் நுகியாமா என்பவர் தண்ணீருக்குள் பிளாட்டினக் கம்பியை மின்சாரத்தால் சூடேற்றி, இந்த மாற்றம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று அளந்து வரைபடமாகவே போட்டுக்காட்டினார். கொதிகலன் குழாய்களை அந்தக் கட்டத்தைத் தாண்டவிட்டால் குழாய் உருகிவிடும்.

காய்கிற துணிக்குக் கணக்குச் சொன்னவர் மான்செஸ்டரில் இருந்த ஜான் டால்ட்டன். நீர் தரத் தயாராக இருக்கும் ஆவியின் அழுத்தத்துக்கும் காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஆவியின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தே ஆவியாகும் வேகம் அமையும் என்று 1802-ல் அச்சான கட்டுரையில் காட்டினார். மழைக்காலத்தில் லயத்து வாசலில் போட்ட துணி மூன்று நாளாகியும் ஈரமாகவே கிடப்பது இதனால்தான். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பதைப் பிரெஞ்சுக்காரர் கிளப்பேரோன் 1834-லும், ஜெர்மானியர் கிளாசியஸ் 1850-லும் ஒரே சூத்திரமாக்கினார்கள். பிரஷர் குக்கரில் பருப்பு விரைவாக வேகுவதும், ஸ்டெரிலைசருக்குள் சூடு 100 பாகையைத் தாண்டி 140 பாகைவரை போவதும் அந்தச் சூத்திரத்துக்குள் அடக்கம்.

இனிமேல்தான் சிக்கலான இடம். நீரின் மேற்பரப்பிலிருந்து துகள்கள் பறந்துபோகின்றன. ஆவியிலிருந்து சில துகள்கள் திரும்பி வந்து விழுகின்றன. வந்து விழுபவற்றில் எத்தனை நீரோடு ஒட்டிக்கொள்ளும், எத்தனை மோதித் திரும்பிப் போகும்? ஹெர்ட்ஸ் 1882-லும் நுட்சன் 1915-லும் பாதரசத்தை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஒட்டிக்கொள்ளும் பங்குக்கு ஒரு குணக எண் வைத்தார்கள். தண்ணீருக்கு அந்த எண் என்ன? அடுத்த நூறு ஆண்டுகளில் பலர் அளந்தார்கள். ஒருவருக்கு ஒன்று என்று வந்தது. இன்னொருவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வந்தது. நீரின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு படிந்திருந்தாலும், மேற்பரப்பின் சூட்டை அளப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் விடை மாறிவிடுகிறது. குவளையில் நாம் குடிக்கும் அதே தண்ணீருக்கு இத்தனை முரண்பாடு!

அளந்தறிந்த சூத்திரங்கள் இப்படி இருக்க, அவற்றை நூற்றுக்கணக்கான இடங்களுக்குச் சேர்த்துப் போட்டுப் பார்க்கும் முறை இன்னொரு பக்கம் வளர்ந்தது. லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். போர் செய்ய மறுத்த அவர், காயம்பட்டவர்களைச் சுமந்துபோகச் சம்மதித்தார். ஓய்வு நேரத்தில் வைக்கோல் குவியல்மேல் உட்கார்ந்து, ஐரோப்பாவின் வானத்தைக் கட்டங்களாகப் பிரித்து, 1910 மே 20-ஆம் நாளின் வானிலை ஆறு மணி நேரத்தில் எப்படி மாறியிருக்க வேண்டும் என்று கையால் கணக்குப் போட்டார். காற்றின் ஓட்டம், சூடு, ஈரம் எல்லாம் அதில் உண்டு. போரின் நடுவே அந்தக் கைப்பிரதி தொலைந்துபோய், சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. விடையோ மகா தப்பு. காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. உண்மையில் அது ஏறக்குறைய அசையவே இல்லை. ரிச்சர்ட்சன் அந்தத் தப்பான விடையை மறைக்காமல் 1922-ல் நூலாகவே வெளியிட்டார். முறையில் பிழையில்லை, தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றளவுகளில் இருந்த பொருத்தமின்மைதான் விடையைக் கெடுத்தது என்று பிற்காலத்து அறிஞர்கள் காட்டினார்கள். 1928-ல் கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் இன்னொரு விதியைக் கண்டார்கள். கணக்கில் ஒரு தாவலுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம், ஒரு கட்டத்தில் கிளம்பிய சலனம் அடுத்த கட்டத்தைத் தாண்டிவிடாத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கு கட்டுக்கடங்காமல் போய்விடும்.

இந்தக் கணக்கில் யாருக்கு என்ன நட்டம் என்று சில நேயர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் திரி மைல் ஐலண்ட் என்ற இடத்தில் ஓர் அணுமின் நிலையம் இருந்தது. 1979 மார்ச் 28-ஆம் நாள் விடியற்காலை நான்கு மணியளவில் அதன் இரண்டாம் உலையில் கோளாறு ஏற்பட்டது. அழுத்தம் கூடியதும் தானே திறந்த ஒரு வால்வு, மறுபடி மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. மூடும்படி உத்தரவு போய்விட்டது என்பதைக் காட்டும் விளக்கைப் பார்த்து, வால்வு மூடிவிட்டதாகவே ஊழியர்கள் நினைத்தார்கள். அதன் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அழுத்தம் இறங்கியதால் உலைக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகத் தொடங்கியது. உள்ளே ஆவி பெருகவே, நீர்மட்டம் காட்டும் கலத்துக்குள் நீரும் ஆவியும் கலந்து மேலே ஏறின. மானியோ தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று காட்டியது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று பயந்து, தானாகப் பாய்ந்த அவசரத் தண்ணீரை ஊழியர்கள் குறைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடந்தபிறகே அந்தக் குழாய் அடைக்கப்பட்டது. அதற்குள் உலையின் உள்பகுதி வெளியே தெரிய, பின்னர் அதில் பாதியளவு உருகிப்போனது.

அவர்கள் சோம்பேறிகளுமல்லர், அறிவில்லாதவர்களுமல்லர். எதிரே இருந்த மானியை நம்பினார்கள். நீரும் ஆவியும் கலந்திருக்கும்போது அந்த மானி எதைக் காட்டும் என்பது அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. அதற்குமுன் உலைகளுக்காகப் போட்ட கணிப்பொறிக் கணக்குகள் பெரும்பாலும் பெரிய குழாய் திடீரென்று உடைந்தால் என்ன ஆகும் என்பதையே பார்த்தன. சின்ன ஓட்டை வழியாக மெதுவாக நீர் கசிந்து, உள்ளே மெதுவாக ஆவி சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில் அதன் பிறகுதான் கவனம் முழுமையாகத் திரும்பியது.

அதே காலத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் அணுகுண்டைச் செய்த அதே இடம்தான். அங்கே பிரான்சிஸ் ஹார்லோவும் வெல்ச்சும் 1965-ல், நீரின் ஓட்டத்தைக் கணக்கிட, கட்டங்களுக்குள் அடையாளப் புள்ளிகளைத் தூவி, புள்ளி போகும் இடமெல்லாம் நீர் போகிறது என்று கொண்டார்கள். புள்ளிகளை நினைவில் வைத்துக்கொள்ளக் கணிப்பொறி திணறியது. 1981-ல் ஹர்ட், நிக்கல்ஸ் என்ற இருவர் ஓர் எளிய வழியைச் சொன்னார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரே ஓர் எண் போதும். கட்டம் முழுக்க நீர் என்றால் 1, நீரே இல்லையென்றால் 0, 0.3 என்று இருந்தால் பத்தில் மூன்று பங்கு நீர், அதாவது எல்லை அந்தக் கட்டத்தின் வழியாகப் போகிறது. பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் சட்டியின் படத்தை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எண் எழுதுவதைப் போலத்தான்.

அந்தச் சட்டித் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கணக்கை எப்படி அமைக்கிறார்கள் என்று பார்ப்போம். கட்டங்களைப் போட்டதும், நீருக்கும் ஆவிக்கும் தனித்தனியே குணங்களை எழுதிக்கொடுக்க வேண்டும். நூறு பாகையில் ஒரு கன மீட்டர் நீரின் எடை 958 கிலோ. அதே அளவு ஆவியின் எடை 600 கிராம்தான். ஒரு கிலோ நீர் ஆவியாக 2,257 கிலோஜூல் சூடு வேண்டும். பிளாக் தகரப் பாத்திரத்தில் தேடிய எண் இது. பிறகு, தொடக்கத்தில் நீர் எதுவரை இருக்கிறது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு சூடு என்று சொல்ல வேண்டும். ரிச்சர்ட்சன் இடறிய இடம் அதுவே.

ஓரங்களையும் மறக்கக்கூடாது. அடிப்பக்கம் சூடு, சரி. மேல்பக்கம்? புதிதாகக் கணக்கமைப்பவர்கள் நாலு பக்கமும் சுவர் எழுப்பிவிடுவார்களாம். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டர் ஆகும். வழி விடாவிட்டால் அது எங்கே போகும்? கணிப்பொறிக்குள் அழுத்தம் தாறுமாறாக ஏறி, கணக்கு பாதியில் நின்றுவிடும். நிஜக் கொதிகலன் என்றால் என்ன ஆகும் என்பதைப் பாய்லர்காரர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், எவ்வளவு வேகத்தில் நீர் ஆவியாகும் என்ற விதியைக் கணிப்பொறி தானாகக் கண்டுகொள்ளாது. லாஸ் அலமோஸைச் சேர்ந்த லீ என்பவர் 1980-ல் அச்சான கட்டுரையில் தந்த விதியைத்தான் இன்றும் பலர் கையாள்கிறார்கள். ஒரு கட்டத்தின் சூடு கொதிநிலைக்கு மேலே போனால், அந்த மிகைச் சூட்டுக்கு ஏற்றபடி கொஞ்சம் நீரை ஆவியாக மாற்று. கீழே போனால் கொஞ்சம் ஆவியை நீராக மாற்று. மாற்றிய அளவுக்கு உரிய மறைவெப்பத்தைக் கழிக்கவோ கூட்டவோ செய். கடைசிப் பகுதியை விட்டுவிட்டால், கணக்கில் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு பாகைகூடக் குளிராது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள்.

"ஏற்றபடி" என்ற சொல்லுக்குள் ஒரு பெருக்கல் எண் இருக்கிறது. அந்த எண் என்ன? வெவ்வேறு ஆய்வாளர்கள் கையாண்ட எண்களைச் சேர்த்துப் பார்த்தால், பத்தில் ஒன்றிலிருந்து ஒரு கோடிவரை போகிறது! எண் சிறிதாக இருந்தால், கொதிநிலையைத் தாண்டிய பிறகும் நீர் நீராகவே கிடக்கும். பெரிதாக இருந்தால் கணக்கு நிலைகுலைந்துவிடும். ஆகவே சோதனைச்சாலையில் அளந்த விடையோடு ஒத்துவரும்வரை எண்ணை மாற்றிமாற்றிப் பார்க்கிறார்கள். வண்ணப் படமாகத் திரையில் ஆவிக்குமிழ் எழும்புவதைப் பார்க்கிறவர்கள், அதற்குப் பின்னே இப்படி ஓர் எண் உட்கார்ந்திருப்பதை அறியமாட்டார்கள்.

அந்த எண்ணே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்கள் எல்லைக்கு இரு பக்கத்திலிருந்தும் வந்துசேரும் சூட்டைக் கணக்கிட்டு, அதை மறைவெப்பத்தால் வகுத்து, எவ்வளவு நீர் ஆவியாகும் என்று காண்கிறார்கள். துருவக் கடலில் பனிக்கட்டி தடிப்பதைப் பற்றி 1889-ல் எழுதிய யோசெஃப் ஸ்டெஃபான் காட்டிய வழி அது. அதற்கு எல்லையை ஒட்டி மிகமிகச் சிறிய கட்டங்கள் வேண்டும். கணிப்பொறிக்கு நாட்கணக்கில் வேலை. ஆனால் ஸ்டெஃபானின் கணக்கில் ஒரு வசதி உண்டு. அதன் விடை காகிதத்திலேயே துல்லியமாகத் தெரியும். சூடான சுவரை ஒட்டி ஆவிப்படலம் வளரும்போது, நேரம் நான்கு மடங்கானால் தடிப்பு இரண்டு மடங்காகும். எனவே எந்த முறையில் அமைத்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டு, விடை ஒத்துவருகிறதா என்று பார்ப்பது வழக்கம். பிறகு கட்டங்களைப் பாதியாகச் சிறிதாக்கி மறுபடி போட வேண்டும். விடை மாறினால் முதல் விடையை நம்புவதற்கில்லை. இன்று ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருள் 2004 முதல் இலவசமாகவே கிடைப்பதால், பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளும் இதைத் தங்கள் கணிப்பொறியில் செய்து பார்க்கலாம்.

சரி, சிறுமியின் கேள்விக்கு வருவோம்.

ஆவி குளிர்ந்து நீராவதற்கு முறையான கணக்குத் தந்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நுசெல்ட். குளிர்ந்த சுவரில் படியும் நீர் மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது. அந்தப் படலத்தின் தடிப்பே சூடு போவதைத் தடுக்கிறது என்று 1916-ல் காட்டினார். ஆனால் அவருடைய கணக்கில் தூய ஆவி மட்டும்தான். ஆவியோடு காற்று கலந்திருந்தால் குளிர்வது பெரிதும் மந்தமாகும் என்பதை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1873-லேயே சோதித்துச் சொல்லியிருந்தார். 1929-ல் டொனால்ட் ஆத்மர் என்ற அமெரிக்கர் அதைத் துல்லியமாக அளந்தார். ஆவியில் நூற்றில் அரைப்பங்கு காற்று கலந்தாலே, சூடு இறங்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது என்று கண்டார்.

காரணம் இதுதான். ஆவி குலையை நோக்கி வரும்போது காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. குலைமேல் பட்டதும் ஆவி நீராகி வழிந்துவிடும். காற்றுக்கு நீராகத் தெரியாது. அது அங்கேயே நிற்கும். பின்னால் வரும் ஆவி மேலும் காற்றைக் கொண்டுவந்து சேர்க்கும். கடைசியில் குலையைச் சுற்றிக் காற்று ஒரு போர்வையாகிவிடும். அடுத்த ஆவி அந்தப் போர்வைக்குள் முண்டி நுழைந்துதான் பழத்தைத் தொட வேண்டும். கலத்தின் அழுத்தமானியில் குறை தெரியாது. ஆவியும் காற்றும் சேர்ந்துதான் அந்த அழுத்தத்தைத் தருகின்றன. உள்ளேயுள்ள சூடு மட்டும் அந்த அழுத்தத்துக்கு உரிய சூட்டைவிடக் குறைவாக இருக்கும். மேலே சொன்னபடி நீர், ஆவி என்று இரண்டை மட்டும் எழுதி ஸ்டெரிலைசருக்குக் கணக்கமைத்தால், கணிப்பொறியும் குலை நன்றாக வெந்துவிட்டது என்றே சொல்லும். காற்று என்ற மூன்றாவது பெயரைப் பட்டியலில் ஒருவர் எழுதினால்தான் அதற்குக் காற்று இருப்பது தெரியும். அந்தப் பெயரைத்தான் சிறுமியின் தந்தை அன்றாடம் வால்வைத் திறந்து வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்.

சொன்னபடி அடுத்த வாரம் வகுப்பில் இதை விளக்கினோம். இரண்டு நாள் கழித்து அந்தச் சிறுமி வந்து, "அப்பாகிட்ட சொன்னேன் சார். அவரு சிரிச்சாரு. வால்வத் தொறந்தா மொதல்ல வர்ற சத்தம் வேறயாம், காத்து போன பின்னாடி வர்ற சத்தம் வேறயாம். கேட்டாலே தெரியுமாம்" என்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்க வரலாமா என்று அவரிடம் சொல்லியனுப்பியிருக்கிறோம். ஆலை மேனேஜரிடம் அனுமதி கேட்டு வைப்பதாகப் பதில் வந்திருக்கிறது.